மதுவும் அன்னமும் சேர்ந்தால் கரடி

ரஷ்ய மொழியில் கரடிக்கு ‘மெத்வேத்ய்’ என்று பெயர். ரஷ்யாவின் முன்னாள் அதிபர் திமித்ரி மெத்வெதெவ், டென்னிஸ் வீரர் தனீல் மெத்வெதெவ் இருவரின் குடும்பப் பெயரிலும் உட்கார்ந்திருப்பது இந்தக் கரடிதான். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். இரண்டுக்கும் நெருங்கிய உறவுக்காரர்கள் தமிழுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒருவர் மது, இன்னொருவர் அன்னம்.

முதல் துண்டு ‘மெது’. தேன் என்று பொருள். இன்றைய ரஷ்யத்தில் தேனுக்கு ‘மியோத்’, லித்துவேனியனில் ‘மெதுஸ்’. கிரேக்கத்தில் இதே சொல் திராட்சை மதுவைக் குறித்தது. ஆங்கிலத்தில் தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் பானத்துக்கு ‘மீட்’ என்கிறார்கள். சமஸ்கிருதத்தில் ‘மது’ என்றால் தேனும் உண்டு, இனிப்பும் உண்டு, பானமும் உண்டு. தமிழுக்கு வந்த மதுவுக்கு இப்போது கடை வாசல் வாசனைதான் அதிகம். ஆனாலும் பழைய பொருள் தேன்தான்.

இரண்டாவது துண்டு ‘ஏத்’. தின்பது என்று பொருள். லத்தீனில் ‘எதோ’ என்றால் தின்கிறேன், ஆங்கிலத்தில் ‘ஈட்’. சமஸ்கிருதத்தில் இந்த வேர் ‘அத்’. அதோடு ‘ந’ சேர்ந்து ‘அன்ன’ ஆனது, அதாவது தின்னப்பட்டது, உணவு. அன்னதானத்தில் இருக்கும் அன்னம் இதுவே.

ஆக மெத்வேத்ய் என்றால் ‘தேன் தின்னி’.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரஷ்யர்கள் இந்தச் சொல்லைச் சமஸ்கிருதத்திலிருந்து வாங்கவில்லை, சமஸ்கிருதமும் அவர்களிடமிருந்து வாங்கவில்லை. ரஷ்யம் உள்ளிட்ட ஸ்லாவிய மொழிகள், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் எல்லாம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கிளைகள். ஒரே பாட்டியின் நகை பேத்திகள் வீட்டில் வெவ்வேறு பெட்டியில் இருப்பதுபோல, சொற்கள் அங்கங்கே தங்கியிருக்கின்றன. தமிழ் வேறு குடும்பம். மதுவும் அன்னமும் நமக்குச் சமஸ்கிருதம் வழியாக வந்தவை.

சரி, மெதுவும் ஏத்தும் சேர்ந்தால் ‘மெதுஏத்’ என்றுதானே வர வேண்டும், நடுவில் ‘வ்’ எங்கிருந்து வந்தது? இதைப் புரிந்துகொள்ள நம்மை விடத் தயாரானவர்கள் கிடையாது, ஏனென்றால் பள்ளியில் புணர்ச்சி விதியோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். திரு + அருள் = திருவருள். தமிழில் உகரம் அப்படியே நிற்க, நடுவில் வகரம் உடம்படுமெய்யாக வந்து உட்காரும். சமஸ்கிருதத்தில் உகரமே வகரமாக மாறிவிடும்: சு + ஆகதம் = ஸ்வாகதம். பழைய ஸ்லாவியத்தில் நடந்ததும் இந்த இரண்டாவது வகைதான். மெது + ஏத் = மெத்வ் + ஏத். ரிக்வேதத்தில் ‘மத்வத்’ என்றொரு சொல் வருகிறது: மது + அத், தேன் தின்பது. முதல் மண்டலத்தின் 164ஆம் பாடலில், ஒரு மரத்தில் வந்து அடையும் பறவைகளை அது அப்படிச் சொல்கிறது. அதே இரண்டு வேர், அதே புணர்ச்சி, ஆனால் அங்கே பறவை, இங்கே கரடி.

தேன் தின்னி என்பது ஒரு பட்டப்பெயர். அப்படியென்றால் கரடியின் சொந்தப் பெயர் என்ன ஆயிற்று?

சொந்தப் பெயர் மற்ற கிளைகளில் இன்னும் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் ‘ருக்ஷ’, கிரேக்கத்தில் ‘அர்க்தோஸ்’, லத்தீனில் ‘உர்சுஸ்’, வேல்ஸ் மொழியில் ‘அர்த்’. எல்லாம் ஒரே பழைய சொல்லின் பிள்ளைகள். ‘ஆர்க்டிக்’ என்ற சொல்கூட அந்தக் கிரேக்கக் கரடிதான். வடக்கு வானத்தில் கரடி விண்மீன் கூட்டம் தெரியும் பக்கம் என்பதால் வந்த பெயர். அந்தக் கூட்டத்தின் ஏழு பளிச்சென்ற விண்மீன்களை நாம் சப்தரிஷி என்கிறோம். ரிக்வேதம் அவற்றை ‘ருக்ஷ’ என்றே குறிப்பிடுகிறது. சதபத பிராமணம் என்ற வேதகால நூல், ஏழு ரிஷிகளுக்கு முன்பு ருக்ஷர் என்று பெயர் இருந்தது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கரடிகள் எப்போது தாடி வளர்த்து முனிவர்கள் ஆனார்கள் என்பது தனிக்கதை.

இந்தப் பழைய சொல் ஸ்லாவிய மொழிகளில் காணவில்லை. ஜெர்மானிய மொழிகளிலும் இல்லை. ஆங்கிலத்தின் ‘பேர்’ கூடப் பழுப்பு நிறத்தான் என்ற பட்டப்பெயராக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். பெயர் தொலைந்த இடங்களைப் பாருங்கள்: ஐரோப்பாவின் வடக்குக் காடுகள். கரடி நேருக்கு நேர் வரும் ஊர்கள். 1906இல் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: வேட்டைக்குப் போகிறவர்கள் விலங்கின் உண்மைப் பெயரைச் சொல்ல அஞ்சினார்கள். சொன்னால் அதன் காதில் விழும், வந்துவிடும். அதனால் சுற்றி வளைத்து ஒரு பெயர்.

இதை நமக்கு விளக்கவே வேண்டாம். ராத்திரியில் பாம்பு என்று சொன்னால் பாட்டி அதட்டுவார், ‘பூச்சி’ என்று சொல்லச் சொல்வார். கொடிய விஷமுள்ள பாம்புக்கு ‘நல்ல பாம்பு’ என்று பெயர் வைத்தவர்கள் நாம். உடம்பெல்லாம் கொப்புளமாக வந்த நோயை அம்மை என்று கும்பிட்டோம். ஸ்லாவியர்கள் ஒரு படி மேலே போய், பட்டப்பெயரையே வைத்துக்கொண்டு உண்மைப் பெயரை மறந்தேவிட்டார்கள்.

அப்புறம் பட்டப்பெயரின் பொருளையும் மறந்தார்கள். இன்று ஒரு சராசரி ரஷ்யரிடம் கேட்டால், ‘தேனை அறிந்தவன்’ என்று சொல்ல வாய்ப்பு உண்டு. ‘வேத’ என்ற ஒலி ரஷ்யத்தில் அறிதலைக் குறிக்கும் (ஆமாம், நம் வேதத்தின் உறவுதான்). ஆகவே மெத் + வேத் என்று தப்பான இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். வகரம் புணர்ச்சியில் பிறந்தது என்பது தெரியாததால் வரும் குழப்பம். இணையத்தில் இன்னொரு கதையும் சுற்றுகிறது: கரடியின் இரகசியப் பழம்பெயர் ‘பேர்’, அதனால்தான் கரடியின் குகைக்கு ரஷ்யத்தில் ‘பெர்லோகா’ என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படியொரு ‘பேர்’ எந்த ஸ்லாவிய மொழியிலும் கிடைக்கவில்லை. அந்தக் குகைச் சொல்லின் செர்பியச் சகோதரம் பன்றி படுக்கும் அழுக்கு இடத்தைக் குறிக்கிறது.

இப்போது இந்த ஒரே சொல் ஊருக்கு ஊர் எப்படி வேஷம் மாறுகிறது என்று பார்க்கலாம். படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: தமிழ் எழுத்தில் நான் ‘த்’ என்று எழுதும் இடங்களில் பெரும்பாலும் ‘தம்பி’யின் த அல்ல, ‘பந்து’வின் து ஒலிக்கிறது.

செக் மொழியில் மெத்வ்யெத், ஸ்லோவாக்கில் மெத்வெத்ய், ஸ்லோவேனியனில் மெத்வெத், குரோவேஷியனில் மெத்வியெத். இவையெல்லாம் பார்த்தவுடன் அடையாளம் தெரியும் உறவினர்கள்.

போலந்துக்குப் போனால்தான் திகைப்போம். அங்கே கரடி ‘நெஜ்வியெச்’. முதலில் ம எப்படி ந ஆயிற்று? மகரமும் வகரமும் உதட்டில் பிறப்பவை. ஒரே சொல்லில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வந்தபோது, முதலாவது உதட்டை விட்டு விலகிக்கொண்டது. பழைய போலிஷில் மகரத்தோடு தொடங்கும் வடிவமும் உண்டு. பழைய செக்கிலும் ‘நெத்வ்யெத்’ என்ற வடிவம் இருந்தது. பொது வழக்கில் மகரம் ஜெயித்தது, நகரம் குடும்பப் பெயர்களில் ஒதுங்கியது. 2003இல் ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து வீரருக்கான தங்கப் பந்து வாங்கிய பாவெல் நெத்வ்யெத் அந்த வகையில் ஒரு கரடி.

அடுத்து, தகரம் எப்படி ஜகரம் ஆயிற்று? ‘படித்தான்’ நம் வாயில் ‘படிச்சான்’ ஆகிறது, ‘ஐந்து’ ‘அஞ்சு’ ஆகிறது. இகரம், ஐகாரத்தின் பக்கத்தில் நின்ற தகரம் மேலண்ணத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது. போலிஷிலும் எகர இகரங்களின் அருகே இதே நகர்வு நடந்தது. நாம் பேச்சில் மட்டும் வைத்துக்கொண்டோம், அவர்கள் எழுத்திலும் ஏற்றிவிட்டார்கள். இதன் விளைவு வேடிக்கையானது. போலிஷில் தேனுக்கு ‘மியூத்’. மியூத்துக்கும் நெஜ்வியெச்சுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று எந்தப் போலந்துக் குழந்தைக்கும் தோன்றாது. கரடிக்குள் இருந்த தேன் முழுக்க வற்றிவிட்டது.

உக்ரைனியர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய கரடி ‘வெத்மித்ய்’. மெத்-வ என்பது வெத்-ம என்று இடம் மாறிவிட்டது. மதுரையை மருதை என்று சொல்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ‘அறிவது’ என்ற வினையின் சாயலும் இதற்கு உதவியிருக்கலாம். முதலில் வேத், பிறகு மெத், தேனை அறிபவன் என்று காதுக்குப் பொருத்தமாகிவிட்டதே.

சொல்லின் தலைப்பகுதி போதும். வால்பகுதிக்கு வருவோம். ஸ்லாவிய மொழிகளைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் தலையில் கைவைப்பது வேற்றுமை உருபுகளில்தான். ரஷ்யத்தில் 6 வேற்றுமை. போலிஷ், செக், உக்ரைனியனில் விளியையும் சேர்த்து 7. எட்டு வேற்றுமை படித்த நமக்கு எண்ணிக்கை பயமில்லை. வித்தியாசம் எங்கே என்றால், தமிழில் கரடிக்கும் வீட்டுக்கும் பெண்ணுக்கும் ஒரே ‘ஐ’, ஒரே ‘கு’. அங்கே சொல்லின் வகையைப் பொறுத்து உருபே மாறும்.

‘எனக்குக் கரடி என்றால் பயம்’ என்ற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதைப் பல ஸ்லாவிய மொழிகளில் ஆறாம் வேற்றுமை வடிவத்தில் சொல்கிறார்கள். ரஷ்யம்: பயூஸ் மெத்வேத்யா. உக்ரைனியன்: பொயூஸ்யா வெத்மெத்யா. போலிஷ்: போயெ ஷெ நெஜ்வியெஜா. ஸ்லோவாக்: போயீம் சா மெத்வெத்யா. செக்: போயீம் செ மெத்வ்யெதா. ஸ்லோவேனியன்: போயிம் செ மெத்வெதா.

எல்லாமே ஆகாரத்தில் முடிகின்றன, ஆனால் இரண்டு கட்சி இருக்கிறது. ரஷ்யம், உக்ரைனியன், போலிஷ், ஸ்லோவாக்கில் ஆகாரத்துக்கு முன் மெல்லிய யகரச் சாயல் (போலிஷில் அதுவே ஜகரம்). செக்கிலும் ஸ்லோவேனியனிலும் வெறும் தா. பழைய ஸ்லாவியத்தில் இந்தச் சொல் ஒரு குற்றியல் இகரம் போன்ற குட்டி இகரத்தில் முடிந்தது. அந்த இகரம் எல்லா மொழியிலும் உதிர்ந்துவிட்டது. முதல் கட்சியில் அது போகும்போது தகரத்தின்மேல் தன் ஈரத்தை விட்டுவிட்டுப் போனது. இரண்டாவது கட்சியில் அதுவும் காய்ந்துவிட்டது.

ரஷ்யக் குடும்பப் பெயர்களில் இந்த ஈரத்தைக் கையால் தொட்டே பார்க்கலாம். இவான் என்ற பெயரிலிருந்து இவானொவ் வருகிறது, ‘ஒவ்’. மெத்வேத்ய் என்பதிலிருந்து மெத்வெதெவ், ‘எவ்’. இறுதி மெய் வன்மையாக இருந்தால் ஒவ், மென்மையாக இருந்தால் எவ். இரண்டுமே ‘இன்னாருடைய’ என்று பொருள் தரும் உடைமை விகுதிகள். மெத்வெதெவ் என்றால் கரடியினுடைய பிள்ளை. மகளாக இருந்தால் மெத்வெதெவா.

இன்னொரு நுணுக்கம். அந்தக் குட்டி இகரத்தில் முடியும் சொற்களின் குழுவில் இருந்தபோது கரடியின் ஆறாம் வேற்றுமை ‘மெத்வேதி’. அந்தக் குழுவில் ஆண்பால் சொற்கள் கொஞ்சம்தான். நெருப்பைக் குறிக்கும் ‘ஒகோன்’ (அக்னியின் நேர் உறவு) ஒன்று, விருந்தாளி ஒன்று, இப்படி. ஆள் குறைந்த குழு என்பதால் ஒவ்வொன்றாகப் பெரிய குழுவுக்குத் தாவின, கரடியும் தாவியது. இன்றைய ரஷ்யத்தில் பழைய குழுவிலேயே தங்கிவிட்ட ஆண்பால் சொல் ஒன்றே ஒன்று: ‘பூத்ய்’, பாதை. அதன் ஆறாம் வேற்றுமை இன்றும் ‘பூதி’ (இதில் தம்பியின் த). மாணவர்கள் அதைத் தனியாக மனப்பாடம் செய்கிறார்கள்.

ஏன் பயத்துக்கு ஆறாம் வேற்றுமை? ஸ்லாவியத்தில் ‘இருந்து’ என்ற பொருள் தரும் ஐந்தாம் வேற்றுமை ஆறாவதோடு கலந்து கரைந்துவிட்டது. பயம் என்பது ஒன்றிலிருந்து விலகுவது. நம் தொல்காப்பியமும் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் அச்சத்தைச் சேர்க்கிறது. ‘கள்ளரின் அஞ்சும்’ என்பது உரைகளில் வரும் எடுத்துக்காட்டு. கரடியின் அஞ்சும் என்று எழுதினால் ரஷ்ய வாக்கியத்துக்கு மிக அருகில் போய்விடுவோம்.

அடுத்தது ‘கரடியைப் பார்க்கிறேன்’. ரஷ்யத்தில் ‘வீஷூ மெத்வேத்யா’. மறுபடியும் அதே மெத்வேத்யாதான்! ஆனால் வீட்டைப் பார்க்கிறேன் என்றால் ‘வீஷூ தோம்’, உருபே இல்லை. இந்த இடத்தில்தான் பலர் புத்தகத்தை மூடிவைக்கிறார்கள். காரணம் தெரிந்தால் மூட வேண்டியதில்லை. சமஸ்கிருதத்தில் எழுவாய் ருக்ஷஹ, செயப்படுபொருள் ருக்ஷம். லத்தீனில் உர்சுஸ், உர்சும். கடைசி மெய்தான் வித்தியாசம் காட்டுகிறது. ஸ்லாவியத்தில் சொல்லின் கடைசி மெய்கள் உதிர்ந்துபோனதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சொல் வரிசையும் அங்கே கறாரானதல்ல. வேடன் கரடியைக் கொன்றானா, கரடி வேடனைக் கொன்றதா? வீட்டுக்கு இந்தச் சிக்கல் வராது, வீடு யாரையும் கொல்லாது. ஆகவே உயிருள்ள ஆண்பால் சொற்களுக்கு மட்டும் ஆறாம் வேற்றுமை வடிவத்தைக் கடன் வாங்கி இரண்டாம் வேற்றுமையாகப் பயன்படுத்தினார்கள். நாமும் ‘வீடு பார்த்தேன்’ என்று ஐ இல்லாமல் சொல்கிறோம். ‘முருகன் பார்த்தேன்’ என்றால் வாக்கியம் நொண்டுகிறது. இரண்டு மொழிக்கும் கவலை ஒன்றே.

எண்ணிக்கைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரஷ்யத்தில் இரண்டு, மூன்று, நான்கு கரடி என்றால் ‘மெத்வேத்யா’, ஐந்திலிருந்து ‘மெத்வேதெய்’. இரண்டு கரடிக்கு ஏன் ஒருமையின் ஆறாம் வேற்றுமை என்று கேட்டால் பாடப்புத்தகம் ‘அப்படித்தான்’ என்கிறது. விடை ஸ்லோவேனியாவில் இருக்கிறது. அங்கே சமஸ்கிருதம்போல ஒருமை, இருமை, பன்மை என மூன்று எண் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு கரடி மெத்வெத். இரண்டு கரடி ‘த்வா மெத்வெதா’. மூன்று கரடி ‘த்ரியெ மெத்வெதி’. அந்த நடு வடிவம் இருமை. தற்செயலாக அதன் ஒலி ஒருமையின் ஆறாம் வேற்றுமையோடு ஒத்துப்போகிறது. ரஷ்யத்தில் இருமை செத்தபோது, மக்கள் வாயில் நின்றுபோன இரண்டாம் எண்ணின் வடிவத்தை ஆறாம் வேற்றுமை என்றே எடுத்துக்கொண்டு, மூன்றுக்கும் நான்குக்கும் நீட்டிவிட்டார்கள்.

பல்கேரியாவில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. வேற்றுமை உருபுகளைக் கிட்டத்தட்ட முழுசாகக் கைவிட்ட மொழி அது. கரடிக்கு அங்கே பொதுவான சொல் ‘மெச்கா’, பெண்பால். மெத்வேத்தின் முதல் அசையை வைத்துச் செல்லமாகச் சுருக்கியது என்று கருதுகிறார்கள். ‘அந்தக் கரடி’ என்றால் மெச்கத்தா, பல கரடி என்றால் மெச்கி, அவ்வளவுதான். பசித்த கரடி கும்மியடிக்காது என்று அங்கே ஒரு பழமொழி உண்டு (அவர்கள் சொல்வது ஹோரோ என்ற வட்ட நடனம்). சம்பளம் தராமல் வேலை வாங்கும் முதலாளிகளை நோக்கிச் சொல்வது.

ஹங்கேரியன் ஸ்லாவிய மொழியே அல்ல, இந்தோ-ஐரோப்பியமும் அல்ல. ஆனாலும் கரடியை அக்கம்பக்கத்து ஸ்லாவியர்களிடமிருந்து வாங்கி ‘மெத்வெ’ என்று வைத்திருக்கிறது. கடைசித் தகரம் எங்கே போனது? ஹங்கேரியனில் சொல்லின் கடைசியில் அந்த ஒலி வந்தால் ‘உன்னுடைய’ என்று பொருள். மெத்வெத் என்று கேட்டவர்கள் அதை ‘உன் மெத்வெ’ என்று பிரித்துக்கொண்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். தமிழ்போல ஒட்டுநிலை மொழியான ஹங்கேரியனில் கரடிகள் மெத்வேக், கரடிக்கு மெத்வேனெக். ஒட்டு மேல் ஒட்டு.

ரஷ்யக் காட்டுக்கே திரும்புவோம். மெத்வேத்ய் என்ற பட்டப்பெயர் நாளடைவில் உண்மைப் பெயராகவே ஆகிவிட்டதால், அதையும் சொல்ல அஞ்சும் நிலை வந்தது. சைபீரியாவில் கரடியை ‘ஹஸ்யாயின்’ என்பார்கள், வீட்டுக்குச் சொந்தக்காரர், முதலாளி என்று பொருள். கதைகளில் ‘கசலாப்பி’, கோணல் காலன். இன்னும் நெருக்கமாக ‘மிஷா’, ‘மிஷ்கா’, அதாவது மிகயீல் என்ற ஆளின் செல்லப்பெயர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் சின்னமாக இருந்த கரடிக்குட்டியின் பெயரும் மிஷாதான். பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வாங்கியது அந்த ஒலிம்பிக்கில்.

இந்த மிஷ்கா ஆணாக இருந்தாலும் ஆகாரத்தில் முடிவதால் பெண்பால் சொற்களின் உருபுகளை எடுத்துக்கொள்கிறது. மிஷ்காவுக்குப் பயப்படுகிறேன் என்றால் ‘மிஷ்கி’, மிஷ்காவைப் பார்க்கிறேன் என்றால் ‘மிஷ்கு’. அந்தக் குழுவில் இரண்டாம் வேற்றுமைக்கென்று சொந்த உருபு பிழைத்திருக்கிறது. பெரிய கரடிக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது, குட்டிக்கு வேண்டியதில்லை.